அண்ணன் வீட்டு வாடகைக்காரி

தவநாயகி அக்காவுக்குக் கிடைக்கவிருந்த பெனிபிட் பணத்தைக் கெடுத்தது அவருடைய வாய்தான் என்று அவரது அண்ணன் பாலேந்திரா இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். அந்த வாய் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னவன் நான். ஆகையால் எனக்கும் பேச உரிமை உண்டு.

அக்கா தொண்ணூறாம் ஆண்டு, கணவரை இலங்கைச் சண்டையில் பறிகொடுத்துவிட்டு, எட்டு வயது மகள் லலிதாவோடு லண்டன் வந்தார். பாலேந்திராவுக்கு அப்போதே இரண்டு வீடுகள். ஸ்ட்ரெதம் வீட்டில் தான் குடியிருந்தார். ஃபாரஸ்ட் கேட் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். அதன் மேல்மாடி அறைகள் இரண்டு தங்கைக்கு. வாடகையோ பிறத்தியாரிடம் வாங்குவதைவிட ஒரு பென்னிகூடக் குறைவில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். பாலேந்திராவின் தசை வாடகை வாங்க வரும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஆடியது.

அக்கா ஒரு தையல் தொழிற்சாலையில் கோட்டுகளுக்கு உள்துணி தைத்தார். கூலியில் பாதிக்கு மேல் அண்ணனிடம் போனது. ஆனால் கோவிலில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அண்ணை என்னைக் காசு வாங்காமல் சும்மா இருக்க விட்டிருக்கிறார். அவர் தெய்வம்." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியாது என்று தெரிந்தவர் அக்கா. அதனால் ஊர் வாய்க்கு நல்ல சொல்லாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஊரோடு சேர்ந்து நானும் நம்பினேன்.

தொண்ணூற்றிரண்டில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வாடகைக்கு வழியில்லை. வழியில்லாதவர்களுக்கு நகரசபையான கவுன்சில் கொடுக்கும் வீட்டு வாடகை பெனிபிட்டுக்கு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தவரே பாலேந்திராதான். ஒப்பந்தம், பற்றுச்சீட்டு எல்லாம் உண்மை. வீட்டுக்காரர் உறவினரா என்ற கேள்விக்கும் ஆம் என்றே எழுதினார்கள். அப்படி எழுதினால் கவுன்சில் கூப்பிட்டு விசாரிக்கும்: இது மெய்யான வாடகையா, குடும்பத்துக்குள் பேருக்குக் கொடுப்பதா என்று. மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள்.

விசாரித்த அம்மா நல்ல மனுசி. அக்காவுக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார். பிறகு கேட்டார்: வாடகை கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் என்ன செய்வார்?

நான் தமிழில் கேட்டேன். அக்கா அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். என் மனைவியும் பாலேந்திராவின் மனைவியும் கோவிலில் ஒன்றாக இருந்து பூக்கட்டுபவர்கள்.

"என்ன தம்பி கேள்வி இது? கூடப்பிறந்தவர் எல்லே. காசில்லையெண்டு என்னையும் பிள்ளையையும் தெருவிலை விடுவாரே?"

"யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். மொழிபெயர்ப்பாளன் சொந்தமாக வாய் திறக்கக்கூடாது என்பது விதி. விதியைக் காப்பாற்றினேன், பெரிய மனிதன்! அப்படியானால் எதற்கு வாடகை என்று அந்த அம்மா மறுபடி கேட்டார்.

"வாடகை எண்டு சொல்லேலாது. என்ரை மனத்திருப்திக்கு ஏதோ குடுக்கிறனான்."

அதையும் பிசகாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் கவுன்சிலின் கடிதம் வந்தது. இது மெய்யான வாடகைக் குடியிருப்பு அல்ல, பெனிபிட் இல்லை. அதை வாசித்துச் சொல்ல நான் போயிருந்தபோதே பாலேந்திராவும் வந்தார்.

"என்னை வள்ளல் ஆக்கிப்போட்டு வந்திருக்கிறாய். இனி வாடகையை ஆர் தாறது?"

"வேலை தேடுறன் அண்ணை. ரெண்டு மாசம் பொறுங்கோ."

"கீழ்வீட்டுக்காரன்ரை மச்சான் இந்த அறையளைக் கேக்கிறான். நான் பாங்குக்குக் கட்டவேணும்."

பாங்குக்குக் கட்டவேண்டியது உண்மைதான். ஆனால் ஸ்ட்ரெதம் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்ததும் உண்மை. அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் தட்டச்சு அடித்த கடிதம். தங்கைக்கு அண்ணன் எழுதியதை நான் தமிழில் வாசித்தேன்: இருபத்தெட்டு நாளில் வீட்டைக் காலி செய்யவேண்டும். தங்கை என்ற சொல் அதில் எங்குமே இல்லை, வாடகையாளர் என்றுதான் இருந்தது. மெய்யான வாடகைதான் என்பதற்குக் கவுன்சில் தேடிய சாட்சி அதுதான்.

மேன்முறையீடு செய்யலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அதற்கு மாதங்கள் ஆகும். இருபத்தெட்டாம் நாள் கீழ்வீட்டுக்காரரின் மைத்துனர் கட்டிலோடு வாசலில் வந்து நின்றார். வீடற்றவர்களுக்கான ஹோஸ்டலில் அக்காவுக்கும் லலிதாவுக்கும் ஓர் அறை கிடைத்தது. சமையலறை ஆறு குடும்பத்துக்கும் ஒன்று.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மனம் கேட்காமல், படியில் வைத்தே கேட்டுவிட்டேன்: "அண்டைக்கு உள்ளதைச் சொல்லியிருக்கலாமே அக்கா? அந்த மனுசி உங்கடை அண்ணையை எங்கை காணப்போறா?"

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவ தனிய இருந்திருந்தால் சொல்லியிருப்பன் தம்பி. நீங்கள் எல்லே பக்கத்திலை இருந்தனீங்கள்."