மன்னிப்புக் கேட்டதற்கு ஒரு மன்னிப்பு

நிருஷா பெரிய ஆட்டக்காரி என்று நான் சொல்லமாட்டேன். அவளைவிட வேகமாக ஓடுகிறவர்கள் அவளுடைய அணியிலேயே இருக்கிறார்கள். அவள் எறியும் பந்து நேராகப் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எதிரே ஓடி வருகிறவளை இடுப்போடு பிடித்து நிலத்தில் கிடத்துவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடந்த வருடம் அந்தப் பிடிவாதம் மைதானத்துக்கு வெளியிலும் தேவைப்பட்டது.

மொன்றியலில் றக்பி என்றால் அணிக்குப் பதினைந்து பேர் ஆடுவதுதான் பலருக்குத் தெரியும். நிருஷா ஆடுவது பதின்மூன்று பேர் ஆடும் றக்பி லீக். பயிற்சியாளர் ஹென்றி பிரான்சின் தெற்கிலிருந்து வந்தவர். அவருக்கு அது வெறும் ‘திரேஸ்’, பதின்மூன்று. கார்ட்டியர்வில்லில் ஆற்றோரப் பூங்கா ஒன்றில் இந்தப் பெண்கள் கம்பங்களைத் தாங்களே நட்டு, கோடுகளைத் தாங்களே போட்டு ஆடுகிறார்கள். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் நாயை நடத்திக்கொண்டு வந்தவர்கள். நிருஷாவின் தகப்பன் சிவராசா என் நண்பர். அவருக்குத் துணையாகப் போய்த்தான் எனக்கு இந்த ஆட்டம் பழக்கமானது.

ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் மிச்சம் விளங்கும். ஒருத்தியைப் பிடித்து விழுத்தியதும், நடுவர் சொன்னவுடன் அவளை விட்டு எழும்பிவிட வேண்டும். விழுந்தவள் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடருவாள். அதுவரை அவள்மேல் கை படக்கூடாது. பட்டால் தண்டனை.

நிருஷா இங்கேயே பிறந்தவள். வயது இருபத்தேழு. மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்ற வரும் லொறிகளை மறித்து, எந்த வரிசைக்குப் போவது என்று சொல்லி விடுவது அவள் வேலை. சாரதிகளோடு பிரெஞ்சில் சண்டை பிடிப்பாள், வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பாள். அவள் சிறுமியாக இருந்தபோது அந்த இரண்டு அறை வீட்டில் புதிதாக வந்திறங்கிய சொந்தக்காரர்கள் எப்போதும் இருந்தார்கள். இரவில் வரவேற்பறை முழுக்க மெத்தைகள். காலையில் கழிப்பறைக்குப் போவதென்றால் ஒரு வரிசைக் கால்களைத் தாண்ட வேண்டும். யார்மேலாவது கால் பட்டுவிட்டால் குனிந்து, அவரைத் தொட்டு, விரல்களைக் கண்களில் ஒற்ற வேண்டும். அரைத் தூக்கத்தில் இருந்தாலும் தாய் விடமாட்டாள். காரணம் யாரும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. இப்போது யார்மேல் கால் பட்டாலும் கை தானாகப் போய்விடும். மெத்ரோ ரயிலில் முன்பின் தெரியாத ஒருவரின் முழங்காலைத் தொட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் வெட்கத்தோடு இறங்கியிருக்கிறாள்.

ஏப்ரலில் அவளைக் கனடிய அணிக்குத் தெரிவு செய்தார்கள். ஓகஸ்டில் ரொறன்ரோவில் அமெரிக்க அணியோடு ஒரு ஆட்டம். அவளுக்கு அதுதான் முதலாவது சர்வதேச ஆட்டமாக இருந்திருக்கும். சிவராசா பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். தொழிற்சாலை முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத் தமிழ்க் கடைக்கும் போய்ச் சொன்னார்.

“மகள் கனடாவுக்கு ஆடப்போறாள்.”

“நல்லது அண்ணை. என்ன, பரதநாட்டியமோ?” என்றான் கடைக்காரன்.

ஜூன் மாதம் ஒட்டாவா அணி இங்கே ஆட வந்தது. அவர்களுடைய முன்வரிசையில் ஜெனவியேவ் என்று ஒருத்தி. தோள் அகலம், கோபம் சீக்கிரம். இரண்டாம் பாதியில் அவள் பந்தோடு மோத வந்தாள். நிருஷா பிடித்து விழுத்தினாள். எழும்பும்போது அவளுடைய சப்பாத்துக் கால் ஜெனவியேவின் விலாவில் நன்றாகவே பட்டது. நிருஷா யோசிக்கவில்லை. குனிந்து தோளைத் தொட்டாள். பிறகு இரண்டு விரல்களைத் தன் கண்களுக்குக் கொண்டுபோனாள்.

இந்த நாட்டில் இரண்டு விரல்களைக் கண்ணுக்கு நேரே காட்டினால் அதன் பொருள் வேறு: உன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன், கவனமாக இரு. முதலில் உதைத்தாள், பிறகு மிரட்டுகிறாள் என்றுதான் ஜெனவியேவ் எடுத்துக்கொண்டாள். எழுந்து நிருஷாவின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஓடிவந்தார்கள். நடுவர் நிருஷாவைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைத்தார்.

“என்னடா இது, கண்ணில ஒத்தினதுக்கே அடிக்க வாறாள்?” என்று சிவராசா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்த மைதானத்தில் நடந்தது என்னவென்று விளங்கிய பார்வையாளர்கள் நாங்கள் இரண்டுபேர்தான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

ரக்ஷனாவுக்கும் விளங்கியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்தவள், ஊரில் கபடி ஆடியவள், இங்கே நிருஷாவின் அணியில் ஓரத்தில் ஓடுகிறவள். ஆட்டம் முடிந்ததும் நிருஷாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏய் நிரு, நானும் தொட்டுக் கும்பிடுறவதான். ஆனா க்ரவுண்டுல கால் காலே இல்ல, புரியுதா? கபடில இப்படி ஒவ்வொருத்தரையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டிருந்தா மேட்ச் முடியவே முடியாது.”

“நீர் நல்ல மனுசி. எனக்குக் கை சொல்லுக் கேக்குதில்லை.”

“இந்த ‘நீர்’ங்கறத முதல்ல நிறுத்து. யாரோ தண்ணி கேக்கற மாதிரியே இருக்கு.”

சிரித்தார்கள். அடுத்த வாரம் ஒட்டாவா அணியிடமிருந்து முறைப்பாடு வந்தது: வேண்டுமென்று உதைத்தது, சைகையால் மிரட்டியது.

விசாரணை கணினித் திரையில் நடந்தது. ஒழுக்காற்றுக் குழுவின் தலைவர் கிறகரி கெட்ட மனிதர் அல்ல. ஒளிப்பதிவைப் பல தடவை பார்த்ததாகச் சொன்னார். கால் பட்டது தற்செயல் என்று குழு ஒப்புக்கொள்கிறது. சைகைதான் பிரச்சினை. ‘அந்தச் சைகைக்காக வருந்துகிறேன்’ என்று ஒரு வரி சொன்னால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். சொல்லாவிட்டால் நான்கு ஆட்டங்களுக்குத் தடை, சர்வதேச ஆட்டமும் அதற்குள் அடங்கும்.

நிருஷா கேட்டாள்: “அந்தச் சைகை என்னவென்று நான் விளங்கப்படுத்தினேன் அல்லவா?”

“விளங்கப்படுத்தினீர்கள். மன்னிப்புக் கேட்கும் முறை.”

“அப்படியென்றால் மன்னிப்புக் கேட்டதற்கு என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள்.”

கிறகரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு, உதவுகிற எண்ணத்தோடுதான், வேறொரு வழியைக் காட்டினார். இது சமய வழக்கம் என்று உங்கள் கோயிலிலிருந்து யாராவது உறுதிப்படுத்தினால், சமய வழக்கங்களுக்கு விதிவிலக்குக் கொடுக்க இடமிருக்கிறது.

அறையின் மூலையில், திரைக்குத் தெரியாமல் இருந்த சிவராசாவின் முகம் மலர்ந்தது. திரையை அணைத்ததும் சொன்னார்: “பிள்ளை, கோயில் ஐயரை எனக்குத் தெரியும். ஒரு சொல்லுச் சொன்னால் அவர் எழுதித் தருவார். அலுவல் முடிஞ்சுது.”

“இது சமயம் இல்லையப்பா.”

“பேந்து என்ன?”

“கால் பட்டது. பிழை எண்டு சொன்னன். அவ்வளவுதான். கோயிலுக்கே போகாத நான், சாமிக்குச் செய்தனான் எண்டு சொன்னால் அதுதான் பொய்.”

“சின்னப் பொய் தானேயம்மா. கனடாவுக்கு ஆடலாம்.”

“பொய் சொல்லிப்போட்டு ஆடுறதெண்டால் நான் ஏன் கண்ணில ஒத்தவேணும்? உதைச்சுப்போட்டுப் பேசாமல் போகலாமே.”

சிவராசா இதை என்னிடம் ஒரு குறையாகத்தான் சொன்னார். “விசரி. ரெண்டு கதவு திறந்து வைச்சவங்கள். ரெண்டையும் தானே சாத்திப்போட்டாள்.” அந்த இரண்டு கதவுகளைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். ஒன்று, அவள் செய்தது மிரட்டல் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னது. மற்றது, அது விசித்திரமான ஒரு வழக்கம், பொறுத்துக்கொள்கிறோம் என்றது. ஒருத்தி இன்னொருத்தியிடம் நேரே சொன்ன சொல்லை அதே சொல்லாக ஏற்க இரண்டுமே மறுத்தன. அவள் அதை இப்படி யோசித்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. சில வேளை எரிச்சல் யோசனையைவிட முன்னதாகச் சரியான இடத்துக்குப் போய்விடுகிறது.

ஒரு வரி எழுதி அனுப்பினாள்: ‘சைகைக்காக நான் வருந்தவில்லை. கால் பட்டதற்காக வருந்தினேன். அதைத்தான் அந்தச் சைகை சொன்னது.’ நான்கு ஆட்டத் தடை உறுதியானது.

ஓகஸ்டில் அவள் ரொறன்ரோவுக்குப் போனாள். போகாமல் இருந்தால் ஒளித்துக்கொண்டதாக இருக்கும் என்றாள். சிவராசா காரை ஓட்டினார், நான் பின்னால் இருந்தேன். கனடிய அணி நன்றாக ஆடி வென்றது. நிருஷாவின் இடத்தில் ஆடியவள் ஒரு ட்ரை வைத்தாள், அதாவது பந்தைக் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் அழுத்தி நான்கு புள்ளி எடுத்தாள். நிருஷா இல்லாததை யாரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. இதை நான் மூடிமறைக்கப் போவதில்லை. தன் சொல்லைக் காப்பாற்றுகிறவருக்காக உலகம் நின்று காத்திருப்பதில்லை.

திரும்பி வரும் வழியில் சிவராசா மெல்லக் கேட்டார்: “கவலையோ பிள்ளை?”

“ஓம்.”

“அப்ப அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம்.”

“கவலை வேற, பிழை வேறயப்பா. ரோட்டைப் பாருங்கோ.”

செப்டெம்பரில் கழகங்களின் இறுதி ஆட்டம் கார்ட்டியர்வில் பூங்காவிலேயே நடந்தது. எதிரணி மறுபடியும் ஒட்டாவா. நிருஷாவின் தடை முடிந்திருந்தது. பதக்கம் கொடுக்கக் கிறகரியும் வந்திருந்தார். உடுப்பு மாற்றும் கூடாரத்துக்கு வெளியே ஹென்றி அவளைத் தனியே கூப்பிட்டார்.

“கையைப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொள்” என்றார் பிரெஞ்சில்.

“காற்சட்டைக்குப் பொக்கெற் இல்லை, கோச்.”

“நான் பகிடி விடவில்லை. விழுந்தவளைத் தொட்டால் தண்டனை. நீ மட்டும் ஆடவில்லை, பதின்மூன்று பேர் ஆடுகிறீர்கள்.”

ஹென்றி சொன்னது நியாயம்தான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசி நிமிடத்தில் மொன்றியல் இரண்டு புள்ளிகளால் முன்னே நின்றது. ஒட்டாவாவிடம் பந்து, அதுவும் கம்பங்களுக்கு நேர் முன்னால். ஒரு தண்டனை உதை கிடைத்தால் அந்த இரண்டு புள்ளியும் சமம். ஜெனவியேவ் பந்தை வாங்கி நேரே நிருஷாவை நோக்கி வந்தாள். வேண்டுமென்றே வந்தாளோ தெரியாது. நிருஷா பிடித்தாள், இருவரும் சேற்றில் விழுந்தார்கள். விட்டு எழும்பும்போது அவளுடைய சப்பாத்து ஜெனவியேவின் புறங்கையில் அழுந்தியது.

“ஐயோ, பட்டிட்டுது” என்றார் சிவராசா.

நிருஷாவின் வலக்கை கீழே இறங்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். நடுவரும் பார்த்தார், விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஓரத்திலிருந்து ரக்ஷனா கத்தினாள்: “நிரு! கால் காலே இல்லடி!”

கை பாதியில் நின்றது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவள் பின்னுக்குப் போனாள். ஜெனவியேவ் பந்தை உருட்டினாள். அடுத்தவளின் கையிலிருந்து ஈரப்பந்து வழுக்கி விழுந்தது. ஊதல் ஒலித்தது. மொன்றியல் வென்றது.

எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நிருஷா அங்கே இல்லை. மைதானத்தின் நடுவே ஜெனவியேவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஜெனவியேவ் அவளைக் கண்டு தோள்களை விறைத்தபடி நின்றாள். பதக்க மேசையில் கிறகரி எழுந்து நின்றார். அவரும் பார்க்கிறார் என்பது நிருஷாவுக்குத் தெரியும். அவள் அவசரப்படவில்லை. குனிந்து, சேறு படிந்த அந்தப் புறங்கையைத் தொட்டாள். விரல்களைத் தன் கண்களில் ஒற்றினாள், முதலில் ஒன்று, பிறகு மற்றது.

ஜூனில் அதைச் செய்தது அவளுடைய கை. இந்தமுறை செய்தது அவள். நிறுத்த முடியும் என்று கண்டுகொண்ட பிறகு செய்ததால் அப்படிச் சொல்கிறேன்.

“நீ என் கையை மிதித்தாய்” என்றாள் ஜெனவியேவ்.

“ஆம். அதைத்தான் சொல்கிறேன்.”

ஜெனவியேவ் சிரிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. கையை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள். “சரி” என்றுவிட்டுத் தன் அணியிடம் போனாள். மன்னிப்புக் கேட்டவருக்கு அதற்குமேல் எதுவும் வரவேண்டியதில்லை.

பதக்க வரிசையில் நிருஷாவின் முறை வந்ததும் கிறகரி நாடாவைக் கையில் பிடித்தபடி தயங்கினார். “நான் பார்த்தேன். குழுவில் இதைச் சொல்ல வேண்டிவரும் என்று தெரியும்தானே?” என்றார். அடுத்த வருடத்துக்கான கனடிய அணித் தெரிவு குளிர்காலத்தில் தொடங்குகிறது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

அவள் தலையைக் குனிந்து பதக்கத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“சொல்லுங்கள். இந்தமுறை சரியாகச் சொல்லுங்கள்: மன்னிப்புக் கேட்டாள் என்று.”