ரிவர்ஸ் போகும் பறவையும் பஷீர் பாயும்

பஷீர் பாய் போய்விட்டார்... மதியம் தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

காட்டிலிருந்து லாட்ஜுக்கு வந்து, வைஃபை கிடைத்ததும் அவருக்கு ஒரு சேதி சொல்லத்தான் போனை எடுத்தேன். டிரைவர்கள் குரூப்பில் இது வந்து கிடந்தது.

சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸில் பதினாறு வருஷம் நானும் அவரும் டிரைவர்கள். ரிவர்ஸ் எடுப்பதில் நான் புலி. மூன்று காம்பவுண்டு சுவர்கள் சாட்சி.

நான் பின்னால் எடுத்தாலே பாய் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார். பஸ் முதுகைத் தட்டிக்கொண்டே, "வா... வா... வா... ஓல்டான்! நிறுத்து!" என்பார்.

ஒருமுறை திருவிடந்தையில் செம்பருத்திச் செடியில் ஒரு குட்டிப் பறவை. பளபளவென்று, வளைந்த மூக்கு. "ஹம்மிங்பேர்டை நேரில் பார்த்தேன்" என்று இதே ஃபேஸ்புக்கில் போட்டோ போட்டேன். உங்களில் பலர் லைக் வேறு போட்டீர்கள்!

மறுநாள் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் பாய் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா சேகரு, அமெரிக்காலேர்ந்து ஈசிஆர் ரோடு புடிச்சி வந்துச்சா? அது நம்மூரு தேன்சிட்டுடா. ஹம்மிங்பேர்டு நம்ம நாட்லயே கெடையாது. அதுக்கு ரிவர்ஸ் கீது, பின்னாலயே பறக்கும். உன்ன மாதிரி செவுத்துல இடிக்காது."

ஸ்டாண்டே சிரித்தது. நானும்தான்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகள், எங்களை ஹம்மிங்பேர்டு பார்க்க கோஸ்டாரிகா காட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள். பாயிடம் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் போன்லதான்டா பாத்துக்கீறேன். நெசமாவே பின்னால பறக்குதான்னு உன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. போட்டோலாம் வாணாம். நீ சொல்லு."

இன்று காலை பார்த்துவிட்டேன் நண்பர்களே!

மழை விட்ட நேரம். சிவப்புப் பூ முன்னால், கட்டைவிரல் அளவு. பச்சையா, நீலமா... திரும்பத் திரும்ப நிறம் மாறியது. காற்றில் அப்படியே நின்றது. நான் போட்ட சத்தத்தில் கைடு பயந்துவிட்டார். "அப்பா, ஷ்ஷ்!" என்றாள் மகள். சின்ன வயதில் அவளை நான் அதட்டிய அதே அதட்டல்.

தேன் குடித்தது. அப்புறம் பூவிலிருந்து நேராகப் பின்னால் வந்தது. ஒருமுறை இல்லை, நாலைந்து முறை.

பாய்... நெசந்தான் பாய். ரிவர்ஸ் கீது. பின்னால நின்னு யாரும் தட்டல. எங்கயும் இடிக்கல.

போயிட்டு வாங்க பாய்.