அத்தானின் மூன்று கம்பிகள்

என் அக்கா ஒரு மாணவர் விடுதியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவள். மளிகையும் சோப்பும் போர்வையும் அவள் பூட்டுக்குள்தான். பூட்டை அமுக்கி மூடியதும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். வீட்டிலும் அப்படித்தான். இழுத்துப் பார்க்காமல் அவள் வாசலைத் தாண்டியதை நான் கண்டதில்லை.

அத்தானுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார். மகா சிக்கனம். செருப்பு வாரறுந்தால் அதையும் ஃபிரேம் திருகாணி போட்டு ஓட்டிவிடுகிற ஆள். அக்காவும் தங்கை நானும் சேர்ந்து அவரைக் கிண்டல் செய்தே பாதி ஆயுளைக் கழித்தோம்.

ஓய்வு பெற்ற சில வருஷத்தில் அக்காவுக்கு மறதி நோய் வந்தது. பேர் போனது, முகம் போனது, பூட்டு மட்டும் போகவில்லை. எதைக் கண்டாலும் பூட்டினாள். பூட்டிவிட்டு சாவியை எங்கேயாவது ஒளித்து வைத்தாள். ஷூவுக்குள், தலையணை உறைக்குள், பூந்தொட்டி மண்ணுக்குள். கேட்டால், "சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கணும்"னு அதட்டுவாள்.

ஒருமுறை சமையலறை அலமாரிச் சாவி கிடைக்கவே இல்லை. அவர்கள் மகன் கட்டர் கொண்டுவந்து பூட்டை வெட்டினான். அறுந்து கிடந்த பூட்டைப் பார்த்த அக்கா வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று அலறினாள். அதற்குப் பிறகு பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துக் காவல் இருந்தாள். பெற்ற மகனைக் கண்டே நடுங்கினாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"அப்பா, வீட்ல ஒரு பூட்டுகூட வேணாம். எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்றான் மகன்.

"பூட்டை எடுத்துட்டா அவகிட்ட வேற என்னடா மிச்சம் இருக்கு?" என்றார் அத்தான்.

அவன் விட்டுவிடவில்லை. புதுப் பூட்டு ஒன்றை மாட்டினார்கள், இன்னொரு தடவை இப்படி நடந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது என்ற பேச்சோடு.

பூட்டை உடைக்காமல், அவளுக்குத் தெரியாமல், சாவியில்லாமல் திறக்க வேண்டும். அதற்காக அத்தான் போனைத் துழாவியபோதுதான், உலகத்தில் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இருப்பது அவருக்குத் தெரிந்தது. குறுக்கெழுத்து போடுவதைப் போலப் பூட்டைத் திறந்து சந்தோஷப்படுகிற கூட்டம். அவர்களுடைய குழுவில் சேர்ந்துகொண்டார். சேர்ந்தாரே தவிர, அவர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிக்கன புத்தி முந்திக்கொண்டது. இருப்பதிலேயே மலிவாக, இருப்பதிலேயே அதிகக் கம்பிகள் உள்ள ஒரு செட்டை வாங்கினார். பளபளவென்று ஒரு பை, உள்ளே விதவிதமாக நெளிந்த கம்பிகள், கூடவே பழகிப் பார்க்க இலவசமாக, உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பூட்டு.

"பாத்தியா, இத்தனையும் எவ்ளோ சல்லிசா வந்துச்சு!" என்று என்னிடம் பரப்பிக் காட்டினார்.

"நல்லாருக்கு அத்தான். போலீஸ் வந்தா நான் உங்களைப் பாத்ததே இல்ல" என்றேன்.

பிளாஸ்டிக் பூட்டு முதல் நாளே திறந்துகொண்டது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குழுவில் ஒரு விதி உண்டாம்: புழக்கத்தில் இருக்கும் பூட்டில் கை வைக்கக் கூடாது, சொந்த வீட்டுப் பூட்டானாலும் சரி. அத்தான் அதை மற்றவர்களுக்கான விதி என்று நினைத்துவிட்டார். ஒரு மத்தியானம் அக்கா தூங்கும்போது அலமாரிப் பூட்டிலேயே பழகிப் பார்த்தார். மட்டமான கம்பி. முனை உள்ளேயே முறிந்து தங்கிவிட்டது.

அக்கா எழுந்து வந்தாள். சாவியைப் போட்டாள். போகவில்லை. மறுபடி போட்டாள். பிறகு சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் பூட்டுல யாரோ கை வச்சிருக்காங்க."

அந்த நோய் வந்த பிறகு அவள் சொன்ன எத்தனையோ புகாரில் அது ஒன்றுதான் நிஜம். அத்தான் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மகனுக்கு விஷயம் போனது. ஞாயிற்றுக்கிழமை கட்டரோடு வருவதாகவும், அன்றைக்கே எல்லாப் பூட்டையும் எடுத்துவிடப் போவதாகவும் சொல்லிவிட்டான்.

அத்தான் வெட்கத்தை விட்டு குழுவில் நடந்ததைச் சொன்னார். நன்றாகத் திட்டு வாங்கினார். திட்டி முடித்து வழியும் சொன்னார்கள். எண்ணிக்கை எதற்கு, முதலில் பழகுகிறவனுக்கு மூன்று போதும்: பூட்டுக்குள் திரும்பவிடாமல் தடுக்கிற சின்னப் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்க ஒரு மெல்லிய கொக்கி, மொத்தமாக வருடிப் பார்க்க அலைபோல் நெளிந்த ஒன்று, துளையில் வைத்து லேசாகத் திருப்பிப் பிடிக்க ஒரு பட்டை. எஃகு நல்லதாக இருக்க வேண்டும், விலை அதிகமாக இருக்க வேண்டியதில்லை. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தேய்க்கிற வேலையை அத்தானுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டையை அவர் வாங்கக்கூட இல்லை, பழைய கார் வைப்பருக்குள் இருந்த எஃகுப் பட்டையை உருவி வளைத்துக்கொண்டார். சிக்கனம் எங்கே போகும்?

ஞாயிறு காலை நான் போனபோது அவர் அலமாரி முன் மண்டியிட்டிருந்தார். கண்ணாடிக் கடைக் குட்டி இடுக்கியால் முறிந்த முனையை எப்படியோ பிடித்து இழுத்தார், வந்துவிட்டது. பிறகு பட்டையை வைத்து, கொக்கியை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டார். வெளியே மகனுடைய வண்டிச் சத்தம் கேட்டது. அவன் கட்டரோடு உள்ளே வரவும், பூட்டு வாயைத் திறக்கவும் சரியாக இருந்தது.

திரும்பினால் அக்கா நிற்கிறாள். சாவியில்லாமல் திறந்த பூட்டையும், அத்தான் கையிலிருந்த கம்பியையும் பார்த்தாள். அலறப் போகிறாள் என்றுதான் மூன்று பேரும் நின்றோம்.

அவள் பூட்டை வாங்கினாள். மாட்டி அமுக்கினாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"இப்படித் திறந்து போட்டுட்டுப் போகாத தம்பி. யார்கிட்ட வேலை கத்துக்கிட்டே?"

கட்டின புருஷனை, விடுதி ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்த பையன் மாதிரி, தம்பி என்கிறாள். அத்தான், "தப்புத்தாம்மா, இனிமே போட மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கொக்கியை நுழைத்துத் திறந்தார். அவள் அவரை ஒரு முறை முறைத்து, மறுபடி பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள். முகத்தில் பழைய ஸ்டோர் கீப்பர் வந்து உட்கார்ந்திருந்தாள். மகன் கட்டரைக் கொண்டுபோய் வண்டியில் வைத்துவிட்டு வந்தான்.

விதிப்படி அலமாரிப் பூட்டை விட்டுவிட்டு, அத்தான் பழகுவதற்கென்றே ஒரு பூட்டு வாங்கினார். சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். அவர் திறப்பார், அவள் பூட்டுவாள். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த நாற்காலி காலியாக இருந்தால், "அந்தத் தம்பி எங்க?" என்று தேடுவாள். கடைசி மாதங்களில் பேச்சு நின்றுபோனது. அப்போதும் அவர் திறந்து நீட்டினால் அமுக்குவாள், இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

அவள் போன பிறகு ஒரு நாள் அத்தானைப் பார்க்கப் போயிருந்தேன். மேஜையில் அதே பூட்டு, அதே மூன்று கம்பிகள். பேசிக்கொண்டே திறந்தார். திறந்ததை எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பக்கம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்துப் பூட்டி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை.

"இழுத்துப் பாக்கலியேம்மா" என்றார்.

இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அத்தான் கொக்கியை எடுத்துக்கொண்டார்.