நீலம் தீட்டிய ஏரி

நாகப்பட்டினம் பஸ்ஸுக்கு அரை மணி இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் பள்ளித்தோழி மைமூன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் கணவரோடு அவள் ஆஸ்திரேலியப் பாலைவனத்தை ஜீப்பில் கடக்கப் போகிறாள். வழி பார்க்க விரித்திருப்பது, பள்ளியில் அவளுக்காக நான் வரைந்து கொடுத்த ஆஸ்திரேலியா வரைபடம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். போவதோ நாகப்பட்டினம் வரை.

"இந்த ஏரிக்கரையில தங்கி, தண்ணி ரொப்பிக்கலாம்னு அவங்க சொல்றாங்கடி."

அது வறண்ட உப்பு ஏரி. அழகுக்காக நான்தான் நீலம் தீட்டினேன். நம்பிப் போகட்டுமே என்று ஒரு நிமிடம் தோன்றுகிறது.

"அதுல தண்ணி கிடையாது மைமூன். நான் தப்பா வரைஞ்சிட்டேன்."

"நீயா?" சிரிக்கிறாள். "அப்ப நீயே சரி பண்ணிக் குடு."

நீலத்தின்மேல் பென்சிலால் மெதுவாக உப்புப் புள்ளிகள் வைக்கிறேன். அந்தப் பாலைவனத்தில் எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். தெருமுனையில் பஸ் ஹாரன் அடிக்கிறது. இன்னும் பாதி ஏரி நீலமாகவே இருக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை.