ஸ்டவ்வுக்கு ஒதுக்காத பணம்

எண்பதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கல்யாணமான புதிதில் மாத பட்ஜெட் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதில் இல்லாத செலவுக்கு ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

"ஏங்க, ஸ்டவ்வுல மண்ணெண்ணெய் கசியுது. ரிப்பேர் பண்ணணும்" என்றாள் மனைவி.

"இந்த மாசம் பட்ஜெட்ல இல்ல. அடுத்த மாசம் பார்க்கலாம்."

மூன்று மாதம் இதையே சொன்னேன். அவள் கசிவைத் துணியால் துடைத்துத் துடைத்துச் சமைத்தாள். வீடெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். அதற்கும் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் பக்கத்து வீட்டுக்காரர் நான் வேலை பார்த்த ஃபாக்டரி வாசலுக்கு ஓடி வந்தார். "உன் ஊட்ல ஸ்டவ் வெடிச்சிச்சுபா! உன் சம்சாரத்த ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்கீறாங்க!"

நான் போனபோது அவளுக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை கட்டுப் போட்டிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டார்: "பயப்படாம சொல்லும்மா. உன் புருஷன் ஏதாவது பண்ணானா?"

"அவர் ஒண்ணுமே பண்ணல சார்."

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டேன்.

அவள் பிழைத்துவிட்டாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் அந்த மூன்று மாதமும் நான் ஒன்றுமே செய்யாமல் இருந்ததுதானே குற்றம்? அதை அவளிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை.