சத்தம் கேட்காத இடம்

போன கிழமை கொழும்பில் ஒரு விடுதி அறையில் மூட்டைப்பூச்சி மருந்து மணத்தபோது, எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்து இப்போது இல்லாமல்போன படமாளிகை ஞாபகம் வந்தது. அதே மருந்து மணக்கும் மரக்கதிரைகளும், காலடியில் நெரிபடும் கச்சான் கடலைக் கோதுகளும், கடற்காற்றுக்கு லேசாக அசையும் திரையுமாக இருந்த அந்த மண்டபத்துக்கு, ஞாயிறு மத்தியானங்களில் அக்கா என்னையும் தம்பி செல்வனையும் கூட்டிப்போவா. செல்வனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அவனுடைய கைப்பாஷை அம்மாவுக்கு மட்டும்தான் முழுக்க விளங்கும். நாங்கள் தலையாட்டுவதோடு சரி.

ஒருநாள் ஒரு விண்வெளிப் படம். ராக்கெட் வெடித்த சத்தத்தில் எல்லாரும் காதைப் பொத்த, செல்வன் கதிரைக் கையில் உள்ளங்கையை வைத்து அதிர்வை ரசித்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், பௌதிகம் படித்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தா.

"படத்தில பிழை விட்டிட்டாங்கள். அங்க காத்தே இல்லை. என்ன வெடிச்சாலும் ஒருத்தருக்கும் கேக்காது."

அவவின் வாயசைவையே பார்த்து நின்ற செல்வன், தன் காதைத் தொட்டு, எங்கள் காதுகளையும் தொட்டு, வானத்தைக் காட்டினான்.

"ஓமடா," என்றா அக்கா மெதுவாக. "அங்க எல்லாரும் உன்னைப் போலத்தான்."

"அப்ப எப்பிடிக் கதைக்கிறது?" என்று கேட்டேன்.

செல்வன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

வீடு வரைக்கும் நாங்கள் வாய் திறக்கவில்லை. அவன் எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து, தோணி, மீன், காகம் என்று ஒவ்வொன்றாகக் கையால் சொல்லித்தர, நாங்கள் பிழைபிழையாகச் செய்துகொண்டு போனோம். வாசலில் அம்மா, "படம் எப்பிடி?" என்றா. மூன்று பேரும் கையாலேயே சொல்லத் தொடங்க, அம்மா எங்கள் கைகளையே பார்த்தபடி படியில் இருந்துவிட்டா.