நூல் கட்டிய உருண்டை

நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாட வேண்டும் என்று மகள் வந்து நின்றபோது நான் முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் புகை, கண்ணெல்லாம் தண்ணீர்.

"உன்ர கொப்பருக்கே நான் ஒரு பிறந்தநாள் செய்ததில்லை. நாய்க்கு என்னடி பிறந்தநாள்?" என்று கத்தினேன்.

அவள் அசையவில்லை. என் கைபேசியில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி தன் நாய்க்குத் தொப்பி போட்டு, அதற்கென்றே பலகாரம் சுட்டு ஊட்டுவதைப் பார்த்திருக்கிறாள். "மாட்டுக்குப் பட்டிப்பொங்கல் எண்டு ஒரு நாள் இருக்குத்தானே அம்மா. இவனுக்கு மட்டும் இல்லையோ?" என்றாள். பத்து வயதுக்கு வாய் எட்டு முழம். என்னைப் போலத்தான்.

அவன் எப்போது பிறந்தான் என்று யாருக்குத் தெரியும்? என் தங்கை பரந்தனில் இருந்து பஸ்ஸில் வந்தபோது ஓர் உரப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்த குட்டி அவன். அன்று பட்டிப்பொங்கல். அந்த நாளையே மகள் பிறந்தநாள் ஆக்கிவிட்டாள். அவனுக்கு அவள் வைத்த பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாங்கள் எந்த வீடு என்று நெடுங்கேணி முழுக்கத் தெரிந்துவிடும்.

நெடுங்கேணியில் இருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் பாதையில் எங்களுடையது கடைசிக்கு முதல் வீடு. கடைசி வீடு அண்ணையுடையது. கூடப் பிறந்தவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் இங்கே குடியேறிய நாளில் இருந்து அவர் எனக்கு அண்ணை, நான் அவருக்குத் தங்கச்சி. அவருடைய கச்சான் தோட்டத்துக்கு அங்கால் காடுதான். நிலத்துக்குள் கச்சான் கடலை முற்றினால் பன்றிகள் இறங்கிவிடும். அந்தத் தை மாதம் அவர் கண் மூடவே இல்லை. தகரத்தில் தட்டித் தட்டி அவருடைய கைதான் காய்த்தது.

பொங்கலோடு கருவாடு குசினிக்குள் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அதனால் பிறந்தநாள் ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்தோம். எண்ணெய் வேண்டாம், சீனி வேண்டாம், உப்பு வேண்டாம் என்று கைபேசியில் சொன்னதாம். உப்பில்லாத கருவாட்டுக்கு நான் எங்கே போவேன்? தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, அவித்து, முள் எடுத்து இடித்தேன். அவித்த பூசணி, அரிசிமா, ஒரு முட்டை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து கொடுக்க, மகள் ஒவ்வொன்றையும் கோழிமுட்டை அளவில் முட்டை வடிவாகவே உருட்டினாள். போறணை அடுப்பு வைத்திருக்க நாங்கள் என்ன வெதுப்பகமா நடத்துகிறோம்? பழைய அலுமினியச் சட்டிக்குள் மணல் பரப்பி, மேலே தட்டில் உருண்டைகளை அடுக்கி, மூடியின் மேல் சிரட்டைத் தணல் கொட்டினோம். கபில நிறமாக வெந்து வந்தன. அந்த மணத்துக்கு ஊரில் இருந்த பூனையெல்லாம் வேலியோரம் வந்துவிட்டது.

முட்டை வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கோழிகள் கூட்டில் இடாமல் பற்றைக்குள் போய் இடும். நாய் குட்டியாக இருந்தபோது அந்த முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போவான். நான் விளக்குமாற்றால் நன்றாகப் போட்டேன். அதோடு என் கைக்குக் கிட்டவே வரமாட்டான். மகள் என்ன செய்தாள் தெரியுமா? அவன் முட்டையோடு வரும்போது குந்தி இருந்து உள்ளங்கையை நீட்டி, தந்தால் ஒரு துண்டு கருவாடு கொடுத்துப் பழக்கினாள். பிறகு அவன் எங்கே முட்டை கண்டாலும் கீறல் விழாமல் வாயில் பொத்திக்கொண்டு வந்து, வாசல் படலையடியில் காத்திருந்து, பள்ளிக்கூடத்தால் வரும் அவளுடைய கையில் வைப்பான். ஊரே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும்.

பிறந்தநாள் நல்லபடி முடிந்தது. அவன் தின்றான், அவள் பாட்டுப் படித்தாள், நானும் கொஞ்சம் கைதட்டித் தொலைத்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டில் ஒரு நல்லது என்றால் பக்கத்து வீட்டுக்குத் தட்டுப் போகும். பொங்கலுக்குச் செய்த பயற்றம் உருண்டை மிச்சம் இருந்தது. "அண்ணை வீட்டை ஒரு தட்டுக் குடுத்திட்டு வா" என்று மகளை அனுப்பிவிட்டு நெல்லைக் காயப்போடப் போய்விட்டேன். அடுத்த நாள் அண்ணையின் மனைவி தட்டில் வாழைப்பழம் வைத்துத் திருப்பித் தந்தா.

"பலகாரம் எப்பிடி அக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துது தங்கச்சி. நல்ல வாசம்" என்றா.

எனக்குச் சந்தோசம். இரவு முழுக்கப் பயறு வறுத்த கையல்லவா?

அதற்கு அடுத்த நாள் மத்தியானம். என் கணவர் நெல் வெட்டு வேலைக்கு மெசினோடு பூவரசங்குளம் பக்கம் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். நாய் வேலியில் பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து, என்னைச் சுற்றி விலகிப் போய், படலையடியில் பாதையைப் பார்த்து இருந்தான். வாய் பொத்தியிருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. சிவப்புக் கோழி எங்கேயோ இடுகிறது என்று ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டான் கள்ளன் என்று சிரித்துக்கொண்டே கிட்டப் போனேன்.

வாயோரத்தில் நீல நூல் ஒன்று தொங்கியது.

முட்டைக்கு நூல் ஏது? அப்படியே நின்றுவிட்டேன். பன்றி வெடி என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தின்னும் பண்டத்துக்குள் வெடியை மறைத்து, நூலால் இறுக்கிக் கட்டி, பன்றி வரும் வழியில் போடுவார்கள். சட்டத்துக்கு மாறான வேலை. ஆனாலும் போடுகிறார்கள். பன்றி கடித்தால் வாய் சிதறும். அதற்கு முதல் வருடம் இதே பாதையில் ஒரு பசு தாடை இல்லாமல் நின்றது. சத்தம் போடவும் வாய் இல்லாமல், சாகும்வரை நின்றுகொண்டே இருந்தது. அதன் கண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

இவன் கடிக்கவில்லை. முட்டை என்று நினைத்து வைத்திருக்கிறான். என் பிள்ளை வந்து கையை நீட்டும்வரை வைத்திருப்பான். அவளும் வருவாள். சைக்கிளைச் சரித்துவிட்டு, ஒரு யோசனையும் இல்லாமல் குந்தி இருந்து கையை நீட்டுவாள்.

"ராசா, இங்க வா" என்றேன். என் குரலைக் கேட்டதும் அவன் பின்னுக்கு நகர்ந்தான். தாடை இறுகியது. ஐயோ, நான் கூப்பிடவும் கூடாது. அடி எடுத்து வைக்கவும் கூடாது. அவனைப் பயப்படுத்தியே வளர்த்தவள் நான்.

வேலிக்கு அங்கால் அண்ணை மண்வெட்டியோடு போனார். கையைக் காட்டினேன். "என்ன தங்கச்சி?" என்று எட்டிப் பார்த்தவர் நூலைக் கண்டார். மண்வெட்டி அவருடைய கையில் இருந்து மெல்லக் கீழே போனது.

"அது என்ரது" என்றார்.

"கீழ போட்டானெண்டால்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கிரவல் நிலம் தங்கச்சி. கல்லில விழுந்தாலும் வெடிக்கும்."

அப்போது வளைவில் சைக்கிள் மணி கேட்டது. நாயின் வால் நிலத்தில் அடித்தது. அவன் எழும்பினான்.

"அங்கேயே நில்லடி!" என்றேன். கத்தவும் முடியாது, கத்தாமல் இருக்கவும் முடியாது. தொண்டைக்குள்ளால் ஏதோ ஒரு சத்தம் வந்தது. பாலை மரத்தடியில் அவள் சைக்கிளை நிறுத்தினாள். "அவன்ர வாய்க்குள்ள வெடி. கிட்ட வந்திடாதை."

பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறார்கள். தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாக்களுக்குச் சொல்லு. மிதிவெடிக்கு எச்சரிக்கும் சிவப்புப் பலகையைப் படமாகக் கீறிப் பரிசும் வாங்கியவள். ஆனால் அது நிலத்தில் கிடக்கும் பொருளுக்கான பாடம். வாலை ஆட்டிக்கொண்டு தன்னிடம் நடந்துவரும் பொருளுக்கு யார் பாடம் எழுதினார்கள்? அவளுடைய முகம் வெளிறிப்போனது. பிறகு சொன்னாள்.

"நான் மரத்துக்குப் பின்னால ஒளிக்கிறன் அம்மா. நான் இல்லையெண்டால் அவன் தேடி வரமாட்டான், இருப்பான். நீங்கள் குந்துங்கோ. கையை நிலத்தோட வையுங்கோ. அவன்ர முகத்தைப் பாக்காதேங்கோ. ஒண்டும் கதைக்காதேங்கோ. அவனுக்கு உங்களைப் பயம்."

நான் பிள்ளையை ஒளியச் சொல்லவில்லை. பிள்ளை தானே ஒளிந்தது. நான் குந்தினேன். உள்ளங்கையை நிலத்தில் மலர்த்தி வைத்தேன். நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்பு ஒன்று விரலில் ஏறி இறங்கியது. அவன் மூக்கால் முனகுவது கேட்டது. அவளைக் காணவில்லை, நான்தான் இருக்கிறேன், விளக்குமாற்றுக்காரி. வா ராசா, இனி உனக்கு அடியே இல்லை, நான் செத்தாலும் அடிக்கமாட்டேன் என்று மனதுக்குள் அழுதேன்.

அவனுடைய நிழல் என் கையில் விழுந்தது. மூச்சு விழுந்தது. பிறகு ஈரமும் பாரமும். வைத்துவிட்டான்.

வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்து என் முகத்தைப் பார்த்தான். கூலி கேட்கிறான்! என்னிடம் என்ன இருக்கிறது? மூச்சே இல்லை. அண்ணை அதற்குள் போய் எடுத்துவந்த ஓர் ஓலைக் கடகம் நிறைய உமியை வேலிக்கு மேலால் இறக்கி, நிலத்தோடு தள்ளிவிட்டார். நான் கையை உமிக்குள் தாழ்த்தி, உருண்டையை அதற்குள் விட்டுவிட்டு மெல்லக் கையை எடுத்தேன். அவர் வந்து கடகத்தைத் தூக்கிக்கொண்டு, கால் தடக்காமல், காட்டுப்பக்கம் நடந்தார். மகள் ஓடிவந்து நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். எச்சிலோடு கபில நிறத் தூள் ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். கருவாடு. பூசணி. சிரட்டைத் தணல் மணம்.

"இது நான் சுட்டதடி" என்றேன். "அண்ணை வீட்டை நீ எதைக் குடுத்தனி?"

அவள் விக்கிக்கொண்டே சொன்னாள். "பிறந்தநாள் பலகாரம்தான். பிறந்தநாள் அவன்ரதானே அம்மா?"

அண்ணை திரும்பி வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"வாயில வைக்க ஏலாமல் கிடந்துது தங்கச்சி. ஆனால் ஆசையாத் தந்த பலகாரத்தை நல்லா இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? எறியவும் மனம் வரேல்லை. நல்ல கருவாட்டு வாசம், பண்டி தேடி வருமெண்டு நனைச்சு வெடிக்கு மேல பூசினன்."

"நல்லா இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் என்ன உங்களைக் கடிச்சுத் தின்னுறனோ?"

"உங்கட வாய்க்குப் பயம்தான்" என்றார். அது பகிடியா உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

போட்ட வெடிகள் எல்லாவற்றையும் அவர் பொறுக்கி முடிக்கும்வரை வேலியோரம் நின்றேன். அடுத்த நாள் காலை கிராம சேவையாளரிடம் போய்ச் சொன்னேன். பொலிஸ் வந்து அவற்றை எடுத்துக்கொண்டு போனது. அதோடு இரண்டு வீட்டுக்கும் கதை இல்லை. இந்த வருடமும் பன்றி வந்து அவருடைய கச்சானில் பாதியைக் கிண்டிவிட்டது. வேலிக்கு இங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. என்றாலும் போய்க் கதைக்கவில்லை.

இந்தத் தைக்கும் மகள் கேட்டாள். சுட்டேன். ஒரு துண்டுகூட வேலியைத் தாண்டவில்லை.

நாய் இப்போது முட்டையை அவளிடம் கொண்டுபோவதில்லை. பற்றைக்குள் எடுத்தால் நேரே என்னிடம்தான் வருகிறான். எந்த வேலையில் நின்றாலும் முன்னால் வந்து இருந்து, என் கையைப் பார்க்கிறான். அன்றைக்கு நான் கொடுக்காத கூலியை இன்னும் கேட்கிறானோ தெரியாது. மடியில் எப்போதும் ஒரு துண்டு கருவாடு முடிந்து வைத்திருக்கிறேன். குந்துகிறேன். வாயோரத்தில் நூல் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் கையை நீட்டுகிறேன்.